முள்ளில்லாத தோட்டம்

ரோசாப்பூவை மூக்குக்கு நேரா நீட்டி, "மோந்து பாரும்மா, எப்பிடி இருக்கு?"ன்னு யாராவது கேட்டா எனக்கு இன்னைக்கும் உச்சந்தலை வரைக்கும் ஏறும். கண்ணு தெரியாதவளுக்கு மூக்குதான் உசுருன்னு இவியளுக்கு எவன் சொன்னான்? எனக்குச் சளி பிடிக்காதா? போன மாசம்கூட ஆபீசுக்கு வந்த ஒரு அம்மா பூவைக் கொண்டாந்து என் மூஞ்சியில தேய்க்காத குறை. நான் டெலிபோன் எடுக்குத வேலையில இருக்கேன். ஒரு கையில ரிசீவர், இன்னொரு கையில பிரெயில் தாளு, மூக்குக்கு முன்னால ரோசா. "தள்ளுங்கம்மா அங்கிட்டு"ன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சாம், பக்கத்துச் சீட்டுக்காரி பொறவு சொன்னா. சுண்டட்டும்.

இந்தக் கோவம் இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. தொண்ணூறுகளோட கடைசியில, கோவில்பட்டிக்கு வெளிய கயத்தாறு ரோட்டுல, பார்வையில்லாத பொம்பளைப் பிள்ளையளுக்குன்னு இருந்த ஒரு பள்ளிக்கூடத்துல நான் பத்தாவது படிச்சேன். எனக்கு ஊரு எப்போதும்வென்றான் பக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிக்கூடமும் விடுதியும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. சுத்திலும் கரிசக்காடு. கோடையில கால் பெருவிரல் மாட்டுத அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். மழை பெஞ்சா செருப்பைப் பிடுங்கிக்கிட்டுத்தான் விடும்.

அங்கன எங்களுக்குப் படிப்பு போக இன்னொரு வேலை உண்டு. சாப்பிடுத வேலை. சிரிக்காதீய. டவுன்ல யாருக்காவது அப்பா செத்த நாளு, பேரனுக்குப் பொறந்த நாளுன்னு வந்துச்சுன்னா, கண்ணு தெரியாத பிள்ளையளுக்குச் சோறு போட்டாப் புண்ணியம்னு வேன் வச்சுக் குடும்பத்தோட வந்து இறங்கிருவாவ. வடை, அப்பளம், பாயாசம். முதல்ல அந்தச் செத்தவருக்காக நாங்க கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ணணும். ஆமா, கண்ணை மூடச் சொல்லி எங்கட்டயே சொல்லுவாவ! பொறவு ஒரு பாட்டுப் பாடணும். அதுக்குப் பொறவுதான் இலையில கை வைக்கணும். அவிய சுத்தி நின்னு பாப்பாவ.

அந்தப் பாக்குதது இருக்கே, அதைத்தான் என்னால பொறுக்க முடியாது. யாரு பாக்கா, எத்தனை பேரு பாக்கா, எதுக்க நிக்காளா முதுகுக்குப் பின்னால நிக்காளா, ஒண்ணும் தெரியாது. வளையல் சத்தம் கேக்கும். ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சுவா. யாரோ குனிஞ்சு பாக்குத மூச்சு நம்ம நெத்தியில படும். கையில இருக்க சோத்தை வாய்க்குக் கொண்டு போகவா வேண்டாமான்னு இருக்கும். அப்பப் பாத்து அந்த வார்த்தை வரும்.

"ப்ச்ச், பாவம்!"

பந்தியில எனக்குப் பக்கத்து இலை எப்பவும் ஒரு புதூர்க்காரிக்குத்தான். என் வகுப்பு, என் வயசு. புதூர் பக்கத்துல ஆடு மேய்க்குத வீட்டுப் பிள்ளை. சின்னதுல அம்மை வந்து கண்ணு போச்சு. வாய்னா வாய், அப்பிடி ஒரு வாய். ஒரு பாடத்தை ஒரு தடவை கேட்டாப் போதும், கமா விடாம ஒப்பிப்பா. பந்தியில யாராவது "பாவம்"னு சொல்லிட்டாவன்னா, அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே கேப்பா:

"யாரு செஞ்சது?"

வந்தவியளுக்குப் புரியாது. "என்னம்மா கேக்க?"ம்பாவ.

"பாவம்னு சொன்னீயள்ளா? யாரு செஞ்ச பாவம்? நான் செஞ்சதா, எங்கய்யா செஞ்சதா, இல்லை நீங்க எதுவும் செஞ்சு வச்சிருக்கீயளா?"

வார்டன் அக்கா ஓடியாந்து அவ தொடையில ஒரு திருகு திருகுவாவ. அவ "யம்மா!"ன்னு கத்துவா. அடக்க முடியாம நான் பாயாசத்தை மூக்கு வழியா விடுவேன். ஒரு தடவை, "நீங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க, நாங்க நின்னு பாக்கோம்"னு சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரி அவளுக்கு ஊறுகா கிடையாதுன்னுட்டாவ. ஊறுகா போனாப் போகுதுன்னா.

அப்பிடிப்பட்டவ அந்தப் பள்ளிக்கூடத்துல தங்குனதே பெரிசு. வந்த புதுசுல வீட்டுக்கு ஓடிப் போறேன்னு ரெண்டு தடவை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிட்டா. அவளைப் பிடிச்சு நிறுத்துனது வாத்தியாரும் இல்லை, வார்டனும் இல்லை. ஒரு எலந்தை மரம்.

காம்பவுண்டோட மேற்கு மூலையில நின்ன மரம் அது. யாரும் நட்டது கிடையாது, தானா முளைச்சது. கொப்பெல்லாம் வளைஞ்சு தரையைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கும். உள்ள போயிட்டா ஒரு குடிசைக்குள்ள உக்காந்த மாதிரி. சுத்திலும் முள்ளு. எலந்தைக்கு முள்ளு ரெட்டை ரெட்டையா இருக்கும். ஒண்ணு நேரா நீட்டிக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். நேரா இருக்கது குத்தும், வளைஞ்சது பிடிச்சு இழுக்கும். எந்தப் பக்கமா நுழைஞ்சா தாவணி மாட்டாதுன்னு தடவித் தடவிக் கண்டுபிடிச்சவ புதூர்க்காரிதான். முழங்கையை ஒடுக்கி, தலையைக் குனிஞ்சு, உடம்பை ஒருச்சாய்ச்சுப் போகணும். கத்துக்கிடுத வரைக்கும் எனக்குக் கையெல்லாம் கீறலு. அதனால என்ன? கத்துக்கிட்டேம்லா.

உள்ள போயிட்டா எங்களை ஒருத்தரும் பாக்க முடியாது. பாக்க வந்தா எங்களுக்குத் தெரிஞ்சிரும். கீழ காஞ்ச இலையும் கொட்டையும் முள்ளுமாக் கிடக்கும். எவ்வளவு பூனை நடை நடந்தாலும் சரக்குன்னு ஒரு சத்தம், பின்னாலயே "ஸ்ஸ் ஆ!"ன்னு ஒரு சத்தம். வார்டன் அக்கா ஒரு தடவை எட்டிப் பாக்க வந்து சேலையை மாட்டிக்கிட்டு, "ஏட்டி, எடுத்து விடுங்கட்டி"ன்னு கெஞ்சுனாவ. அதுக்குப் பொறவு வரலை.

அதுக்குள்ளதான் நாங்க பிள்ளையளா இருந்தோம். எங்க இஷ்டத்துக்குக் காலை நீட்டி உக்காருவோம். சண்டை போடுவோம், அழுவோம். தையில பழம் விழும். பொறுக்கி, புழு இருக்கான்னு நாக்குல தட்டிப் பாத்து, துப்பிச் சிரிப்போம். புதூர்க்காரி ஆடுவா. ஆமா, டான்ஸ்தான். அவ கால் தரையில தட்டுத சத்தத்துக்கு நான் டப்பாவைத் தட்டுவேன். வெளிய அவ ஒரு நாளும் ஆடுனது கிடையாது. "எவளாவது பாத்துட்டு பாவம்னுருவாட்டி"ம்பா. மரத்தடியில வச்சு எங்கிட்ட ஒரு நாள் சொன்னா: "இந்த மரம் இருக்கக்கொண்டுதான் நான் இங்கன இருக்கேன். இது போச்சுன்னா நானும் போயிருவேன்."

சும்மா சொல்லுதான்னு நினைச்சேன். அப்பத்தான் தோட்டம் வந்துச்சு.

டவுன்ல தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருந்த ஒரு முதலாளியோட சம்சாரம் தவறிப் போயிட்டாவ. நல்ல மனுசின்னு எல்லாரும் சொன்னாவ, நான் ஒண்ணும் குறை சொல்லலை. அவிய ஞாபகமாப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு முதலாளிக்கு ஆசை. யாரோ ஒருத்தர் போய், வெளிநாட்டுல எல்லாம் பார்வையில்லாதவங்களுக்குன்னு தொட்டுப் பாத்து, மோந்து பாத்துப் படிக்குத தோட்டம் இருக்கு, அதைச் செய்யுங்கன்னு சொல்லியிருக்காவ. காலையில பிரேயர்ல பெரிய சார் இதைச் சொன்னாவ. பெரிய சார்னா எங்க தலைமையாசிரியர். "இனிமே உங்களுக்குன்னு ஒரு தோட்டம்! நீங்களே தொட்டுப் பாக்கலாம்!"னு அவிய சொன்னதும் நாங்க எல்லாரும் கை தட்டுனோம். நானும்தான். தோட்டம்னா வேண்டாம்னா சொல்லுவாவ?

எந்த இடத்துலன்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. மேற்கு மூலையில.

நானும் புதூர்க்காரியும் பெரிய சார் ரூமுக்குப் போனோம்.

"சார், அந்த எலந்தை மரம் எங்களுக்கு வேணும்"னேன்.

"அது முள்ளு மரம்மா. தொட்டுப் பாக்குத தோட்டத்துல முள்ளு இருக்கலாமா? உங்களுக்குக் குத்திராதா?"

"முள்ளுன்னா குத்தும் சார். குத்தலைன்னா அது என்ன முள்ளு?"ன்னா புதூர்க்காரி. "அப்ப ரோசா வைக்கப் போறாவளாமே, அதுல முள்ளு இல்லையா?"

"அதையெல்லாம் நறுக்கி விட்டுருவாவ"ன்னு சார் சொன்னாவ. பெருமையாச் சொன்னாவ.

அட கொடுமையே! ரோசாச் செடியில முள்ளை நறுக்கிட்டு எங்ககிட்ட நீட்டப் போறாவ. நாளைக்கு ஒருத்தி வீட்டு வாசல்ல ரோசாச் செடி இருந்தா, முள்ளே கிடையாதுன்னு நம்பிக் கையைக் கொடுத்துற மாட்டாளா? படிக்குததுக்குன்னுதான தோட்டம்? பொய்யைச் சொல்லிக் கொடுக்குததுக்குப் பேரு படிப்பா? இதையெல்லாம் நான் சொன்னேன். மெதுவாச் சொல்லலை, மேசையைத் தட்டித்தான் சொன்னேன்.

"இந்தா பாரும்மா, கொடுக்குதவிய மனசு நோகப்படாது"ன்னாவ.

"எங்க மனசு?"

"எல்லாம் உங்களுக்காகத்தானம்மா."

இந்த 'உங்களுக்காக'ங்குத சொல்லு இருக்கு பாருங்க, அதுக்கு எதிர்ச்சொல்லு எந்த இலக்கணத்துலயும் கிடையாது. வாயில துணியை வச்சு அடைச்ச மாதிரி ஆயிரும்.

மரம் வெட்டுத ஆளுங்க வந்த அன்னைக்குக் காலையிலயே நாங்க ரெண்டு பேரும் மரத்துக்குள்ள போய் உக்காந்துக்கிட்டோம். வெட்ட வந்தவிய பாவம்... இந்தா, என் வாயிலயும் அது வந்துருச்சு. வெட்ட வந்த அண்ணாச்சிமாரு, "உள்ள பிள்ளைய இருக்குதுய்யா, எப்பிடி வெட்ட?"ன்னு ஒதுங்கி நின்னு பீடி பத்த வச்சாவ. வார்டன் அக்கா கத்திப் பாத்தாவ. உள்ள வந்து எங்களை இழுக்க முள்ளு விடலை. கடைசியில பெரிய சாரே வந்தாவ. சரக்குன்னு சத்தம், ஒரு "ஸ்ஸ்", பொறவு ரொம்ப அன்பான குரல்ல சொன்னாவ:

"வெட்டலைம்மா. வேற இடம் பாத்துக்கிடுவோம். வெளிய வாங்க, வகுப்புக்கு நேரமாகுது."

"சத்தியமா?"ன்னா புதூர்க்காரி.

"சார் சொன்னா நம்ப மாட்டியா?"

நம்புனோம். வாத்தியார் சொன்னா நம்பாம? தலையைக் குனிஞ்சு, ஒருச்சாய்ச்சு, வெளிய வந்தோம். கை கால் கழுவிட்டு வகுப்புல போய் உக்காந்தோம். தமிழ் டீச்சர் ஏதோ சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கிட்டிருக்கோம். முப்பது பிள்ளைய பிரெயில் தாள்ல ஊசியால குத்துத சத்தம், தகரத்துல மழை பெய்யுத மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவுல வெளிய இன்னொரு சத்தம் கேட்டுச்சு. 'தொக்.' கொஞ்சம் நின்னு, திரும்ப 'தொக்.'

புதூர்க்காரி ஊசி நின்னு போச்சு. பொறவு என் ஊசி. பொறவு வகுப்பே நின்னு போச்சு. டீச்சர் மட்டும் கொஞ்ச நேரம் சொல்லிக்கிட்டே இருந்தாவ.

கண்ணு தெரிஞ்ச பிள்ளையட்ட இப்பிடிப் பொய் சொல்ல முடியுமா? ஜன்னல் வழியாப் பாத்துருமேன்னு ஒரு பயம் இருக்காதா? எங்களுக்குக் காது இருக்குங்குதது கூடவா அவியளுக்கு ஞாபகம் இல்லாமப் போச்சு?

புதூர்க்காரி அழுவான்னு பாத்தேன். அவ அழலை. சாயங்காலம் பெரிய சார் ரூமுக்குப் போய், "எங்கய்யாவுக்குச் சொல்லி விடுங்க, நான் போறேன்"னு மட்டும் சொன்னா. "தாராளமாப் போ. உன்னைய மாதிரிப் பிள்ளைக்கு எவ்வளவு செஞ்சாலும் விளங்காது. ஆனா திறப்பு விழா முடிஞ்ச பொறவு போ"ன்னு சொன்னாவளாம். ஏன்னா கடவுள் வாழ்த்து பாட அவ குரல் வேணும். புதூர் பஸ் கண்டக்டர்ட்ட சொல்லி அவ அய்யாவுக்குத் தாக்கல் விட்டாவ. விழா அன்னைக்கு வந்து மகளைக் கூட்டிட்டுப் போகணும்னு.

பத்தாவது பரீச்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு. "பரீச்சையாவது எழுதிட்டுப் போ ஏட்டி"ன்னு கெஞ்சுனேன். "எங்கன உக்காந்து படிக்க?"ன்னா. போனா அவ்வளவுதான், திரும்பி வர மாட்டா, வீட்டு மூலையில உக்கார வச்சுருவாவன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வாய்க்கு வாய் பேசுதவ வாயே திறக்காம டிரங்குப் பெட்டியில துணியை அடுக்குனா. நான் எடுத்து வெளிய போட்டேன். அவ திரும்ப அடுக்குனா.

தோட்டம் மளமளன்னு எழும்புச்சு. கரிசல் காலுக்கு உறுத்துமாம், அதனால லாரியில செம்மண்ணு கொண்டாந்து கொட்டுனாவ. அதுக்கு மேல நடக்கதுக்கு ஆத்து மணல். பஞ்சு மாதிரி இருக்கும், யாரு நடந்தாலும் சத்தமே கேக்காது. ரோசா, மல்லிகை, மரிக்கொழுந்து, துளசி, எல்லாம் தொட்டியில. சுத்திலும் இடுப்பு உசரத்துக்கு வழவழன்னு இரும்புக் குழாய்க் கம்பி. செடிக்குச் செடி ஒரு பலகை, அதுல பிரெயில் எழுத்து. பிரெயில்னு அவிய சொன்னாவ. தடவிப் பாத்தா ஒண்ணுமே இல்லை. டவுன்ல போர்டு எழுதுதவரு புள்ளி புள்ளியா பெயிண்டால வரைஞ்சு வச்சிருக்காரு! எங்களுக்கான எழுத்தைப் பாத்துப் படிக்கக் கண்ணு வேணும்னா, இதை எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிட? எலந்தையில மைனாவும் தவிட்டுக்குருவியும் காலையில கூப்பாடு போடும். அது போச்சு. அதுக்குப் பதிலாக் காசெட்டுல குயில் கூவ விட்டாவ.

விழா அன்னைக்குப் புதுப் பாவாடை தாவணி உடுத்தச் சொல்லி, ஒருத்தி தோள்ல ஒருத்தி கை வச்சு வரிசையாக் கூட்டிட்டுப் போய்த் தோட்டத்துக்குள்ள விட்டாவ. அந்தக் கம்பி எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. செடியைக் காவல் காக்க இல்லை. வந்தவிய சாஞ்சு நின்னு பாக்க! உள்ள நாங்க, வெளிய சிமெண்டுத் தளத்துல அவிய. பட்டுச் சேலை சரசரக்கு. போட்டோக்காரர், "பூவைத் தொடும்மா, சிரிம்மா, மூஞ்சியை இங்கிட்டு வைம்மா"ங்காரு. ஆட்டுச் சந்தையில நிறுத்துன மாதிரி நின்னோம். எங்கிட்டுப் பாத்தாலும் அந்த வார்த்தை. "ப்ச்ச், பாவம், எப்பிடித் தடவுது பாருங்க."

புதூர்க்காரி கடவுள் வாழ்த்து பாடுனா. குரல் கொஞ்சமும் நடுங்கலை. முடிச்சிட்டு எங்கிட்ட வந்து, "எங்கய்யா வந்துட்டாரு, டயர்ச்செருப்புச் சத்தம் கேட்டுச்சு"ன்னா. டயரை அறுத்துச் செஞ்ச செருப்பு. ஆடு மேய்க்குதவரு, செருப்படியில எப்பவும் நாலு முள்ளாவது ஒடிஞ்சு நிக்கும். சிமெண்டுல நடந்தா நறுக் நறுக்குங்கும்.

முதலாளி பேசுனாரு, சம்சாரத்தை நினைச்சு அழுதாரு. அவரு அழுதது பொய் இல்லை. பெரிய சார் பேசுனாவ. கடைசியில நன்றியுரை நான். தமிழ் டீச்சர் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருந்தாவ. 'இருளில் வாழும் எங்களுக்கு ஒளியேற்றிய' அப்பிடின்னு தொடங்கும். மைக்கைப் பிடிச்சேன். இருளாவது ஒளியாவது! எனக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாது.

"எல்லாருக்கும் நன்றி"ன்னேன். "இந்த இடத்துல ஒரு எலந்தை மரம் நின்னுச்சு. அதுக்குள்ள நாங்க இருந்தா யாரும் எங்களைப் பாக்க முடியாது. அதை வெட்ட மாட்டோம்னு சொல்லிட்டு வெட்டிட்டாவ."

டக்குன்னு மைக் செத்துச்சு. அமத்திட்டாவ. அமத்துனா என்ன? வர்றவிய போறவியளுக்கெல்லாம் பாடிப் பாடி எங்க தொண்டை கரிசக்காட்டுக் காத்தையும் மீறிக் கேக்கும்.

"நீங்க எல்லாரும் எங்களைப் பாக்கீய. நீங்க எத்தனை பேருன்னுகூட எங்களுக்குத் தெரியாது. நாங்க சாப்பிடும்போது பாக்கீய, பாடும்போது பாக்கீய, இப்பப் பூவைத் தொடும்போதும் பாக்கீய. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், ஒரே ஒரு நிமிசம் எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க. அந்த நேரத்துல நாங்க இந்தத் தோட்டத்தைத் தொட்டுப் பாத்துக்கிடுதோம்."

அவ்வளவுதான் கேட்டேன். சொத்தையா எழுதிக் கேட்டேன்?

கேட்டுக்கிட்டு நின்னேன். சிமெண்டுத் தளம், திரும்புனாக் கட்டாயம் சத்தம் வரும். ஒரு செருப்பு அசையலை. ஒரு சேலை சரசரக்கலை. காசெட்டுக் குயில் மட்டும் கூவுது. பொறவு கடைசி வரிசையில இருந்து, நறுக்... நறுக். ஒரே ஒரு டயர்ச்செருப்பு.

புதூர்க்காரி என் கையைப் பிடிச்சா. "ஏட்டி, எங்கய்யா திரும்பிட்டாரு."

நான் பின்னால ஒரு நாள் அவருட்டக் கேட்டேன், ஏன் திரும்புனீயன்னு. "நீ திரும்பச் சொன்ன, நான் திரும்புனேன். மத்தவியளுக்குக் காது கேக்கலையோ என்னவோ"ன்னாரு. அதுக்கு மேல அவருக்கு அதுல ஒண்ணும் இல்லை.

விழா முடிஞ்சு வேனெல்லாம் போன பொறவு பெரிய சார் எங்களைப் பிடிச்சாவ. "நன்றி கெட்ட கழுதைய! சோறு போட்ட கையைக் கடிக்கியளா? ஏய்யா, முதல்ல உம்ம மகளைக் கூட்டிட்டுக் கிளம்பும்!"

அய்யா டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சாரு. "போவமா தாயி?"ன்னாரு.

அவ அடுப்படிப் பக்கமாத் திரும்புனா. பொறவு கேட்டா: "அய்யா, அரிவா கொண்டாந்திருக்கீயளா?"

"இடுப்புல இருக்கு."

"மரத்தை வெட்டுன கொப்பெல்லாம் அடுப்படிக்குப் பின்னால குமிஞ்சு கிடக்கு. முள்ளுன்னு ஒருத்தரும் தொடலை. ஆட்டுக்கு அடைப்புப் போடுத மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுக் கொடுத்துட்டுப் போங்க. பரீச்சை எழுதிட்டு வாரேன்."

பெரிய சார் குதிச்சாவ. "இங்கன ஆட்டுக்கிடை போடவா பள்ளிக்கூடம் நடத்துதோம்?"

அய்யா பெட்டியைக் கீழ இறக்கி வச்சாரு. கோவமா ஒண்ணும் பேசலை. "சார்வாள், பிள்ளை இருக்கேங்கா. கிளம்பச் சொன்னாக் கூட்டிட்டுப் போறேன். இருக்கச் சொன்னா அடைப்பு போடுதேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, கடைசி பஸ்ஸு போயிரும்"னாரு. கோவத்துல கிளம்பச் சொன்னாலும், பரீச்சையில நல்ல மார்க்கு வாங்குத பிள்ளையை இழக்கப் பெரிய சாருக்கும் மனசு இல்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துட்டு, "செஞ்சு தொலைங்க. ஆனா ஒண்ணு, விசிட்டர்ஸ் வர்ற பக்கம் கண்ணுலயே படக் கூடாது"ன்னாவ.

அடப் பாவி மனுசா, அதைத்தான நாங்களும் கேட்டோம்!

குளியல் ரூமுக்குப் பின்னால, செம்மண்ணு விழாத கரிசல்ல, கவைக்கம்பால அந்த எலந்தைக் கொப்பையெல்லாம் இழுத்து இழுத்து வட்டமாப் போட்டாரு அய்யா. ஒருச்சாய்ச்சு நுழையுத அளவுக்கு ஒரு சந்து விட்டாரு. வாசம் எல்லாம் ஒண்ணும் கிடையாது. காஞ்ச முள்ளு, அவ்வளவுதான். அதுக்குள்ள உக்காந்துதான் நாங்க ரெண்டு பேரும் பத்தாவது படிச்சோம்.

ஒரு நாள் யாரோ பொறந்த நாளுக்கு வந்த பொம்பளையாளு ரெண்டு பேரு கை கழுவ அந்தப் பக்கம் வந்துட்டாவ. புதூர்க்காரி உள்ள ஆடிக்கிட்டிருக்கா, நான் டப்பாவைத் தட்டிக்கிட்டிருக்கேன். முள்ளு சரக்குன்னுச்சு, "ஸ்ஸ் ஆ!"ன்னு ஒரு சத்தம். நாங்க அப்பிடியே உக்காந்துட்டோம்.

"யக்கா, இங்கன பாரேன், பிள்ளையளை முள்ளுக்குள்ள அடைச்சுப் போட்டிருக்காவ. ஐயோ, பாவம்!"

உள்ள இருந்து அவ போட்ட சத்தம் கயத்தாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

"யாரு செஞ்சது?"